கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: இன்சோல்களில் எது யாருக்கு?

காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் முள் ஏறியது போன்ற வலி. பத்து அடி நடந்தால் தணிந்துவிடும். வெகுநேரம் உட்கார்ந்திருந்து எழுந்தால் மறுபடி வந்து நிற்கும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கி ஓடும் தடித்த சவ்வு நொந்துபோயிருப்பதன் அடையாளம் அது. மருத்துவர்கள் பிளான்டர் ஃபேசியைடிஸ் என்பார்கள். நான் இன்சோல் தேடி அலைந்தது இந்த வலியால்தான்.

வலிக்கிற இடத்துக்கு மெத்தை போடத்தான் யாருக்கும் தோன்றும். நானும் முதலில் ஜெல் இன்சோல் வாங்கினேன். ஷூவுக்குள் வைத்து நின்றதும் அப்படி ஒரு சுகம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சுகமும் இருந்தது, வலியும் இருந்தது. ஜெல் தரையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உடல் எடை ஏறும்போது பாதத்தின் வளைவு தாழ்ந்து, அந்தச் சவ்வு இழுபடுவதை அது தடுப்பதில்லை. நாள் முழுவதும் கெட்டித் தரையில் நிற்பவர்களுக்கும், வயதாகிக் குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலிந்தவர்களுக்கும் ஜெல்லோ ஃபோமோ போதும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது, வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோல். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, மேலே மெல்லிய ஃபோம், குதிகாலை ஏந்த ஒரு கிண்ணம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் ‘வளைவுத் தாங்கி’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. வளைவின் உச்சியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலுக்கே தட்டையாகிவிடுகிற மேடு முழு உடலின் எடையை எப்படித் தாங்கும்? ஓட்டின் நீளத்தையும் பாருங்கள். முன்பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் உருண்டையாக இருக்கும் பகுதிக்குச் சற்று முன்பே அது முடிய வேண்டும். அதையும் தாண்டி நீண்டால் அடியெடுக்கும்போது கால் மடங்கும் இடத்தில் இடிக்கும்.

முதல் நாள் கல்லை மிதிப்பது போலத்தான் இருக்கும். பலர் அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் இரண்டு, மூன்று வாரங்களில் கால் பழகிவிடும். அதன் பிறகும் ஒரே இடத்தில் உறுத்தினாலோ, முழங்காலிலோ இடுப்பிலோ புதிதாக வலி தொடங்கினாலோ அந்த வடிவம் உங்களுக்கானது இல்லை.

அப்படியானால் ஆர்த்தோடிக்ஸ் எனப்படும், அளவெடுத்துச் செய்யும் இன்சோல்தானே சிறந்தது என்று கேட்பீர்கள். பாரிஸ் சாந்திலோ ஃபோம் பெட்டியிலோ கால் பதித்து, அல்லது ஸ்கேன் எடுத்து, பாலிபுரோப்பிலீன், கார்பன் ஃபைபர் போன்றவற்றில் செய்து தருகிறார்கள். ரெடிமேடைவிடச் செலவு பல மடங்கு. பலனும் அப்படியா? ஆஸ்திரேலியாவில் குதிகால் வலியுள்ள 135 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பெயரளவுக்கு மெல்லிய ஃபோம், இன்னொரு பிரிவினருக்குக் கெட்டியான ரெடிமேட், மூன்றாம் பிரிவினருக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் பின்னிரு பிரிவினரும் ஃபோம் பிரிவினரைவிட இயல்பாக நடமாடினார்கள். அந்த இரண்டுக்குள் அளவெடுத்தது முந்திவிடவில்லை. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவினருக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

ஆகவே சாதாரணக் குதிகால் வலிக்கு முதல் நாளே அளவெடுக்கப் போவது அவசரம். வளைவு மிக உயர்ந்து விறைத்த பாதம், ஒன்றுக்கொன்று வடிவம் மாறிய கால்கள், முடக்குவாதத்தால் கோணிய விரல்கள், கணுக்காலின் உள்பக்கத் தசைநார் பழுதாகி நடுவயதில் சரிந்துபோன வளைவு ஆகியவற்றுக்கு ரெடிமேட் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே அளவெடுத்துச் செய்வதே நல்லது.

கடைகளில் மிதித்ததும் திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் காட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. எடை எங்கே விழுகிறது என்று அது சொல்லும். ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. படத்தைக் காட்டியதும் பணப்பையைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். ஈரக்கால் தடம் பார்ப்பதும் அப்படித்தான். தடம் தட்டையாக விழுந்தாலே அது நோய் ஆகிவிடாது. வலியில்லாமல் ஓடி விளையாடும் குழந்தையின் வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதத்துக்கு இன்சோலே தேவையில்லை.

சூடாக்கிக் காலுக்கேற்ப வடிவம் பதிக்கும் வகை இவற்றுக்கு இடைப்பட்டது. சரிந்த பாதத்தோடு அதன்மேல் நின்றால் சரிவும் சேர்ந்து பதிந்துவிடக்கூடும் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. குதிகாலை உயர்த்தும் ஆப்புகள், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாரின் வலிக்கு உதவும். கால்களின் நீளத்தில் வித்தியாசம் இல்லாதவரை இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும்.

முன்பாதத்தில் எரிச்சல் உள்ளவர்கள் ஒட்டிக்கொள்ளும் சிறு திண்டில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினால் வலி கூடும். அந்த இடத்தில் உதட்டுச் சாயம் பூசி, வெறுங்காலுடன் ஷூவை மாட்டி நில்லுங்கள். இன்சோலில் ஒரு பொட்டு விழும். பொட்டுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் திண்டை ஒட்டினால் எலும்புகள் லேசாக உயர்ந்து விரிந்து அழுத்தம் விலகும்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே சொன்னவை பொருந்தாது. ‘உறுத்துகிறது’ என்று சொல்ல வேண்டிய கால் அங்கே பேசுவதில்லை. கெட்டி ஓட்டின் விளிம்பு தோலைத் தேய்த்துப் புண்ணாக்கினாலும் தெரியாது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதித்த பிறகு, மெத்தென்ற பல அடுக்கு இன்சோலும் அதற்கு இடம் கொடுக்கும் ஆழமான காலணியும் செய்து தருவார்கள். கடையில் தானாக எடுத்து மாட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

எதை வாங்கினாலும் ஷூவோடு வந்த பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இரண்டையும் அடுக்கினால் குதிகால் மேலேறி நழுவும். ஈரத்துணியைப் பிழிவது போல ஷூவையே முறுக்க முடிந்தால் முதலில் மாற்ற வேண்டியது ஷூ.

எனக்குக் கெட்டி ரெடிமேடும் தினமும் கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியும் சேர்ந்துதான் கைகொடுத்தன. ஏழு மாதம் கழித்து ஒருநாள் இன்சோலை மாற்றி வைக்க மறந்து வேறு ஷூவில் கிளம்பிவிட்டேன். மாலையில் ஷூவைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.