உத்தரவாதத்தில் பேட்டரி மாற்றம்: வேலை நன்று, காத்திருப்பு நீண்டது

மின்சாரக் காரின் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிப்பதும், கொள்திறன் (பேட்டரி தேக்கிவைக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழுதுநீக்கியோ மாற்றியோ தருவதும் பல நிறுவனங்களின் வழக்கம். என் காரில் கொள்திறன் குறையவில்லை; பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலங்களான செல்களுக்கிடையே மின்னழுத்தம் சமநிலை இழந்ததால், வண்டி தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது.

சேவை மையத்தின் தொழில்நுட்பப் பணியில் குறைசொல்ல ஏதுமில்லை. உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்துச் சோதித்ததோடு, செல்களின் அளவீடுகளை, நான் கேட்காமலேயே, அச்சிட்டும் கொடுத்தார்கள். தாமதம் அதன் பிறகே தொடங்கியது. பேட்டரியை மாற்றத் தயாரிப்பாளரின் ஒப்புதல் வர வேண்டும். மேலும், லித்தியம் அயனி பேட்டரி அபாயகரமான சரக்குகளில் 9ஆம் வகுப்பைச் சேர்ந்தது என்பதாலும், தனியாக அனுப்பப்படும் அத்தகைய பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை உள்ளதாலும், மாற்று பேட்டரி வந்துசேர நாளாகும் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. இதை முதலிலேயே விளக்கியிருந்தால் பொறுத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் “அடுத்த வாரம்” என்றே பதில் வந்ததுதான் எரிச்சலூட்டியது. மாற்று வாகனத்தையும் வற்புறுத்திய பிறகே தந்தார்கள்.

பேட்டரி வந்ததும் பொருத்தும் வேலை விரைவாக முடிந்தது. பொருத்தப்பட்டது புதியதன்று, புதுப்பிக்கப்பட்டது; உத்தரவாதமும் பழையதன் எஞ்சிய காலத்துக்கே செல்லும். இவ்விரண்டையும் நாம் ஒப்புதல் தரும் முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.