கோர்டெஸா, பிசாரோவா: யாரை முதலில் படிப்பது?

அமெரிக்கக் கண்டங்களில் நடந்த ஸ்பானியப் படையெடுப்புகளைப் படிக்கத் தொடங்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். மெக்சிகோவில் அஸ்டெக் பேரரசை வீழ்த்தியவர் கோர்டெஸ், பெருவில் இன்கா பேரரசை வீழ்த்தியவர் பிசாரோ.

சான்றுகள்: கோர்டெஸ் மன்னருக்குத் தானே நீண்ட கடிதங்கள் எழுதினார். தோற்ற மெக்சிகோ மக்களின் நினைவுகளும் நாவாட்ல் மொழியில் பதிவாகியிருக்கின்றன. பிசாரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்காக்களிடமோ எழுத்துக்குப் பதில் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகள்தான். அந்தப் பக்கத்தின் குரல் குறைவாகவே கிடைக்கிறது.

காலம்: கோர்டெஸ் 1519-இல் கரையிறங்கினார், 1521 ஆகஸ்டில் அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தது. பிசாரோவின் முயற்சிகள் 1524-இலேயே தொடங்கின. காயோ தீவில் பசியில் வாடியபோது, தன்னோடு பெருவுக்கு வருபவர்கள் தாண்டட்டும் என்று அவர் மணலில் கோடு கிழித்தாராம். தாண்டி வந்தவர்கள் 13 பேர். 1532-இல் பெருவின் கஹமார்காவில் 168 பேரோடு இன்கா மன்னர் அதாவல்பாவைச் சிறைப்பிடித்தார். விடுதலைக்கு ஈடாக ஓர் அறை நிறையப் பொன்னை வாங்கிக்கொண்டும் அவரைக் கொன்றார்கள். எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறாத இடம் இது.

முடிவு: கோர்டெஸ் 1547-இல் ஸ்பெயினில் இறந்தார். பிசாரோவை 1541-இல் லிமாவில் எதிரணி ஸ்பானியர்களே வெட்டிக் கொன்றார்கள்.

சரி, யாருக்கு எது? இரு தரப்பையும் கேட்க விரும்பினால் கோர்டெஸ். கோர்டெஸுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த உள்ளூர்ப் பெண் மலின்சேவுக்காகவே அதைப் படிக்கலாம். பேராசை ஒரு கூட்டத்தை உள்ளிருந்தே எப்படித் தின்றது என்று பார்க்க வேண்டுமானால் பிசாரோ.