கழித்துப்போட்ட ஸ்டியரிங் பாக்ஸ்: கார்வேரா, வேகாவா?

எடை குறைந்த ஹாட் ராடுக்கு (பழைய காரை மாற்றிக் கட்டிய வேக வண்டிக்கு) பழைய காரிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸ் (வீலைச் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சக்கரப் பெட்டி) கழற்றலாம் என்று இறங்கினால், பேச்சு பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டில்: 1960-களின் செவ்ரொலே கார்வேர், அப்புறம் 1971 முதல் 1977 வரை வந்த வேகா. இரண்டுமே சின்னவை, முன்பக்கம் கனமில்லாத வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லாமலே கைக்கு லேசாக இருக்கும். பாக்ஸுக்குப் பதில் ரேக் அண்ட் பினியனை (பல் வைத்த தண்டு இடவலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் அமைப்பை) பீம் ஆக்சில் (இரு முன்சக்கரங்களையும் ஒரே தண்டில் தாங்கும்) வண்டியின் சட்டத்தில் மாட்ட நினைப்பவர்கள் விட்டுவிடுங்கள், மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும்.

நான் போட்டது வேகா. கார்வேர் போட்ட டி-பக்கெட்டை (ஃபோர்டு மாடல் டி பாணியில் கட்டிய திறந்த ஹாட் ராடை) கொஞ்ச நாள்தான் ஓட்டியிருக்கிறேன், அதனால் அதன் ஆயுளைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் கார்வேர் பாக்ஸை டி-பக்கெட்டில் வழக்கமாக வைக்கும் இடத்தில் அப்படியே மாட்டினால், இடது பக்கம் திருப்ப வண்டி வலது பக்கம் போகும்! உள்ளே பிரித்து, திசையை மாற்றிக் கோக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் முடிவு செய்வது நடுவில், அதாவது சக்கரம் நேராக இருக்கும் நிலையில், பாக்ஸில் இருக்கும் ஆட்டம்தான். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடியிருக்கும், அதனால் பற்கள் தேய்வதும் நடுவில்தான். டிராக் லிங்கை (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியை) கழற்றி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். முதலில் வார்ம் (வீலோடு சுற்றும் திருகுப் பல்தண்டு) பேரிங்கின் இறுக்கம், பிறகுதான் செக்டர் ஸ்க்ரூ (பற்களுக்கு இடையிலான ஆட்டத்தைக் குறைக்கும் திருகு). வரிசை மாறினால் கணக்கு தப்பும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கியபின் இரு பக்கமும் திருப்பும்போது இறுகிப் பிடித்துக்கொண்டால் அந்த பாக்ஸ் தேய்ந்துவிட்டது, ஸ்க்ரூவால் சரியாகாது. நான் முதலில் வாங்கியது அப்படித்தான் போனது. வேகாவில் அந்த ஸ்க்ரூ எஞ்சின் பக்கத்தில் எட்டும் இடத்தில் அமைந்தது, பழையது போனாலும் அதே அளவில் புதிதாகச் செய்த பாக்ஸ் கிடைக்கிறது. சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸும் நடுவில் இருக்கும்படி டிராக் லிங்கின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும், ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பி வைத்து ஏமாற்றக் கூடாது.

வேகாவிலும் வேலை உண்டு. டிராக் லிங்க் குறுக்கே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போவதால், குறுக்கு ஸ்பிரிங் போட்ட ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவே ஸ்டியரிங்கைத் திருப்பும். பான்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சட்டத்தோடு பிடிக்கும் கம்பி) இல்லாமல் ஓட்டாதீர்கள். பிட்மேன் ஆர்மை (பாக்ஸின் தண்டில் மாட்டி டிராக் லிங்கை அசைக்கும் கையை) வெட்டி வெல்டிங் வைக்கவே வேண்டாம்.

சைலன்சர் குழாய்கள் சட்டத்தை ஒட்டி இறங்கி, வேகாவுக்கு இடமே இல்லை என்றால் மட்டும் நான் கார்வேரைத் தேடுவேன்.