லைசென்ஸ் துப்பாக்கிக்கு இன்சூரன்ஸ்: குடியாத்தத்திலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் எடுக்கத்தான் வேண்டும். திருட்டு பயத்தைவிட, துப்பாக்கி நம் வீட்டில் இல்லாமல் வேறு யாருடைய பொறுப்பிலோ இருக்கும் நாட்களை நினைத்து எடுக்க வேண்டும். பல வருடம் புதுப்பித்து, ஒரு கிளெய்மும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது.

எங்களிடம் இப்போது இருப்பவை இரண்டு. தாத்தா காலத்து வெப்லி அண்ட் ஸ்காட் டபுள் பேரல் (இரட்டைக் குழல்), குழல் அளவு 12 போர் (bore). நைனா (அப்பா) வாங்கிய பாயிண்ட் 22 ரைபிள். சிங்கிள் பேரல் ஒன்றும் இருந்தது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, மூன்று வரை என்றிருந்த வரம்பு இரண்டாகக் குறைந்ததும், அதைச் சித்தப்பா மகனின் லைசென்சுக்கு மாற்றிவிட்டோம். இவை போக அண்ணன் மகள் பயிற்சி எடுக்கும் ஏர் ரைபிள் ஒன்று.

இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தபோது சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "போனா போனதுதான்டா, காசு வாங்கி என்ன பண்ணப் போற?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. அதற்கு முன் வந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தாத்தாவின் துப்பாக்கி தொலைந்தால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதே துப்பாக்கி திரும்ப வராது. ஆனால் தொலைவதைவிட அடிபடுவதுதான் அதிகம் நடக்கிறது. கட்டை (பின்பக்க மரப் பகுதி) உடையும், ஹேமர் ஸ்பிரிங் போகும், பேரலில் நெளிவு விழும். பழைய ஆங்கிலத் துப்பாக்கியைக் கை தேர்ந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்ய ஆகும் செலவு சின்னதில்லை. அந்தச் செலவுக்குத்தான் காப்பீடு.

வீட்டுக்கு எடுத்த பாலிசியே போதும் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் இருந்து எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அதில் திருட்டுக்கு இடம் உண்டுதான். ஆனால் அப்படி ஒரு விபத்து நடந்து அதைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் திருடு போனால்தான். சாதாரணமாக ஒரு ராத்திரி பூட்டை உடைத்துக்கொண்டு போனால் அது உதவாது. அதற்குத் தனி பர்க்ளரி பாலிசி வேண்டும். அதையும் எடுத்தால்கூட துப்பாக்கி வீட்டுக்குள் இருக்கும் வரைதான். வாசல் தாண்டினால் ஒன்றுமில்லை. நாங்கள் அந்தப் பாலிசி வருவதற்கு முன்பே ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கிளையில் உட்கார்ந்து பேசி, துப்பாக்கிக்கென்று தனி பாலிசியாக எடுத்தோம்.

வாசல் தாண்டுவது பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேர்தல் நடத்தை விதி வந்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். 2019ல் நம் வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தல், பணம் பிடிபட்ட விவகாரத்தில் ரத்தானது. ஆகஸ்ட் 5ல்தான் ஓட்டுப் போட்டோம். மற்ற ஊர்க்காரர்கள் ஒருமுறை ஒப்படைத்து மே மாதம் திரும்ப வாங்கினால், நாங்கள் மறுபடியும் ஜூலையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு 2021 ஏப்ரலில் சட்டமன்றம், மாவட்டம் பிரிந்த காரணத்தால் தள்ளிப்போன ஊரக உள்ளாட்சித் தேர்தல் அதே வருடம் அக்டோபரில், 2022 பிப்ரவரியில் நகராட்சி, 2024ல் மறுபடி நாடாளுமன்றம்.

அந்த 2019 ஆகஸ்டில் டபுள் பேரல் திரும்பி வந்தபோதுதான் கட்டையில் விரிசலைப் பார்த்தோம். வைத்திருந்த இடத்தின் பெயர் வேண்டாம். பல துப்பாக்கிகளை ஒன்றாகச் சாய்த்து வைக்கும் இடத்தில் நடக்கக்கூடியதுதான். பேரலுக்குள் துருவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து கிளெய்ம் போட்டோம்.

சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலூரிலிருந்து வந்தார். துப்பாக்கி பற்றிப் பெரிதாகத் தெரியாது என்று அவரே சொன்னார், ஆனால் மரம் பற்றி நன்றாகத் தெரிந்தவர். ட்ரிக்கருக்குப் பின்னால் கை பிடிக்கும் இடத்தில் கட்டை மெலிந்திருக்கும். விரிசல் அங்கேதான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பழைய விரிசலாக இருந்தால் வருடக்கணக்கில் துடைத்த எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்கிக் கறுத்திருக்கும் என்றார். இதில் உள்ளே வெளிர் மரம் தெரிந்தது. ஒப்படைத்த அன்று காலையில் நாங்கள் எடுத்த படத்தில் அதே இடம் முழுசாக இருந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது; கட்டைக்கான ரிப்பேர் செலவு பாஸானது. துருவுக்குப் பணம் கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்படும் சேதம் பாலிசியில் சேராது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பராமரிப்பு நம் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனால் இப்போதெல்லாம் ஒப்படைக்கும் முன் பேரலுக்குள் கெட்டியாக எண்ணெய் பூசித்தான் கொடுக்கிறோம்.

ரசீது விஷயத்தில் கறாராக இருங்கள். வழக்கமாக "டபுள் பேரல் 1" என்று எழுதி நம்பர் போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். "கட்டை, பேரல் சேதமின்றி ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை, மரியாதையாகக் கேட்டால் போதும்.

அடுத்தது மதிப்பு. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். தாத்தா வாங்கிய விலையையோ, பிரீமியம் குறையட்டும் என்று பாதி மதிப்பையோ எழுதினால், சேதத்துக்கும் பாதிதான் கிடைக்கும். 3 லட்சம் பெறும் துப்பாக்கியை 1.5 லட்சத்துக்கு எழுதி வைத்து, 40 ஆயிரத்துக்குச் சேதம் வந்தால் கையில் வருவது 20 ஆயிரம். இந்த விதியை ஆவரேஜ் கிளாஸ் (average clause) என்பார்கள். இன்னொரு பக்கம், இங்கிலாந்து ஏலத்தில் இதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று நெட்டில் பார்த்து எழுதுவதும் வீண். நம் ஊர் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லைசென்ஸ் உள்ள டீலரிடம் லெட்டர்ஹெட்டில் மதிப்புச் சான்று வாங்கி, அதையே ஒப்புக்கொண்ட மதிப்பாகப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

லைசென்சும் பாலிசியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 2019ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகு, ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா நண்பர்களுக்கெல்லாம் லைசென்ஸ் அதிகாரி மாறிவிட்டார். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் முகவரியே பழைய பாலிசியில் இருந்தால் எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் திருத்தக் குறிப்பு) போட்டு மாற்றுங்கள். லைசென்ஸ் காலாவதியான நாளில் நடந்த சேதத்துக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. லைசென்ஸ் இப்போது 5 வருடம் என்பதால் தேதி மறந்துபோவது சுலபம்.

வீட்டில் பெரியவர்கள் பெயரில் லைசென்ஸ் இருந்தால் இதையும் யோசியுங்கள். 70 வயது தாண்டியவர், அல்லது 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தவர், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. நைனாவுக்கு அப்படித்தான் செய்தோம். இறந்த பிறகு என்றால், வாரிசுக்கு லைசென்ஸ் வரும் வரை துப்பாக்கி டெபாசிட்டில் கிடக்கும். பாலிசி யார் பெயரிலும் சரியாக நிற்காது.

நான் மிக முக்கியமாக நினைப்பது மூன்றாம் நபர் பொறுப்புதான். எங்கள் பாலிசியில் அது தனிப் பிரிவு. தவறுதலாக ஒருவருக்குக் காயம் பட்டால் சிவில் இழப்பீடு பாலிசியின் வரம்பு வரை. கிரிமினல் வழக்கை நாம்தான் சந்திக்க வேண்டும். கல்யாணத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் காப்பீட்டை எதிர்பார்க்கவே கூடாது.

ஏர் ரைபிளுக்கு வருகிறேன். குழல் அளவு பாயிண்ட் 177 அங்குலத்துக்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் இல்லாததால் துப்பாக்கி பாலிசியிலும் அது சேரவில்லை. ஆனால் போட்டிக்கான இறக்குமதி ஏர் ரைபிள் லட்சங்களில் போகிறது, சென்னைக்கும் வெளிமாநிலத்துக்கும் ரயிலில் கூடவே போகிறது. அதை விளையாட்டுப் பொருளாக, இந்தியா முழுவதும் செல்லும்படி ஆல் ரிஸ்க் (திருட்டு, சேதம் எல்லாம் சேர்ந்த) பாலிசியில் போட்டோம். ஆளில்லாத காரில் விட்டுப்போய்த் திருடு போனால் கிடையாது என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. அண்ணன் மகள் டீக்கடைக்குப் போனாலும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறாள்.