பினியன் பழசு, காசு மட்டும் புது செட்டுக்கு: 68,000 ரூபாய் போச்சு

மலையில லாரி ஓட்டறவங்க கண்டிப்பா படிங்க. ஆக்சில் வேலைக்கு விடறப்ப எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

கேத்தியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏத்தற வண்டி நம்மளுது. பர்லியார் இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்னாடி உய்ங்னு சத்தம். ஏத்தத்துல ஒண்ணுமில்ல. பின் ஆக்சிலுக்குள்ள பினியன்னு ஒரு சின்ன பல் சக்கரம், கிரவுன்னு ஒரு பெரிய பல் சக்கரத்தைச் சுத்தி விடும். லோடோட இறங்கறப்ப வண்டிதான் இன்ஜினைத் தள்ளும், கிரவுன் பல்லோட மறுபக்கம் பாரம் வாங்கும். எப்பவும் லோடோட இறங்கற வண்டிக்கு அந்தப் பக்கம்தான் முதல்ல அடி வாங்கும். ஆக்சில் கூட்டுல (ஹவுசிங்) இருந்த ஆயிலை வடிச்சா டிரெயின் பிளக் காந்தத்துல மீன் செதிலாட்டம் இரும்புச் சில்லு.

கீழ ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். பேர் போடல, போட்டா அது தனி வம்பு. ஓனர் என்னை உட்கார வச்சு, "தம்பி, கிரவுனும் பினியனும் ஜோடியா அரைச்சு வர்றது. ஒண்ணை மட்டும் மாத்தினா நிக்காது, செட்டாத்தான் போடணும்"னு பாடம் எடுத்தார். எடுத்தது அவரேதான், நல்லா கவனிங்க! என் கண் முன்னாடி அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, எண்ணெய்க் காகிதத்தை உரிச்சு, புது கிரவுனை என் கையில குடுத்தார். என்னா கனம், என்னா பளபளப்பு! பினியன் எங்கண்ணேன்னு கேட்டா, "பேரிங் ஏத்த பிரஸ்ஸுக்குப் போயிருச்சு தம்பி, டீ சாப்பிடுங்க". செட்டு, பேரிங், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 68,000. முழுக்க ரொக்கம். கையில குடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

சத்தம் போகல, இன்னும் ஜாஸ்தியாச்சு. போன் போட்டா, "புது கிரவுன், ஓட ஓட செட் ஆயிரும்". அப்புறம் "ஓவர் லோடு ஏத்துனீங்களா?" அப்புறம் "மலை வண்டின்னா அப்படித்தாங்க". அதுக்கப்புறம் போனை எடுக்கறதே ஒரு பையன்தான்: ஓனர் ஊர்ல இல்லியாம்.

இன்னைக்குக் காலையில குன்னூர்ல வேற மெக்கானிக் இறக்கிப் பார்த்தார். கிரவுன் விளிம்புல ஒரு நம்பர், பினியன் தலையில வேற நம்பர். அது என்னோட பழைய பினியன்! தேஞ்ச பல்லு, புது கிரவுனோட பல் ஓரத்தை உடைச்சு வச்சிருக்கு, சில்லு பேரிங் வரைக்கும் போயிருச்சு. 68,000 ரூபாய்ங்க!

உடனே கூப்பிட்டேன். இந்தத் தடவை ஓனரே எடுத்தார்: "அந்த பினியனைக் கொண்டாந்து குடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம்". எதுக்கு, காணாம போடறதுக்கா? அது என் கேபின்ல இருக்கு, குடுக்க மாட்டேன்.

பார்க்க வேண்டியது: பூட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பரையும் போட்டோ எடுங்க. கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க. பல்லுல ப்ளூ (பல் படற இடத்தைக் காட்டற சாயம்) தடவிச் சுத்தி, தடம் நடுவுல விழுதான்னு பார்த்துட்டு மூடச் சொல்லுங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. பேக்லாஷ் (ரெண்டு பல்லுக்கும் நடுவுல விடற இடைவெளி), ஷிம் (அதைச் சரி பண்ண வைக்கற மெல்லிசு தகடு) பத்தியெல்லாம் அப்புறம் எழுதறேன், பேரிங் வாங்க மெக்கானிக் கூப்பிடறார்.