நிழலா, தண்ணீரா? காரைக்குடியிலிருந்து மூன்று சைக்கிள் வழிகள்

காரைக்குடிக்கு மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "காட்டுக்குள்ள போற மாதிரியும் இருக்கணும், ஆத்தோரமாவும் இருக்கணும், காலையில சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு ஒண்ணு சொல்லுங்க." இரண்டும் ஒரே ரோட்டில் வேண்டும் என்றால் செட்டிநாட்டில் கஷ்டம். ஆறு இங்கேயும் இருக்கிறது, ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் கிடப்பது மணல்தான். தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் கண்மாய்க்கரைக்கும் ஊரணிக்கும் போக வேண்டும். மரத்துக்கு வேறு திசை. ஆறு வருஷமாக மூன்று வழிகளில் மாறி மாறி ஓட்டி வருகிறேன், மூன்றிலும் பங்சர் ஆகி நின்றிருக்கிறேன். அதனால் எது யாருக்குச் சரிவரும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சங்கரபதி. தேவகோட்டை ரோட்டில் அமராவதிபுதூரைத் தாண்டியதும் காடு வந்துவிடும். காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே நுழைந்தால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைமுட்டியில்தான் முதலில் குளிர்ச்சி தெரியும், அப்புறம் காதில். ஊருக்குள் சித்திரை மாதப் புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டே வந்தவருக்கு அந்த ஒரு நிமிஷத்துக்காகவே மறுநாளும் வரத் தோன்றும். மருது பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கரபதிக் கோட்டை இந்தக் காட்டில்தான் இடிந்து கிடக்கிறது. சுவர்களுக்கு மேலேயே மரம் முளைத்து, வேர் கல்லைக் கவ்விக்கொண்டு இறங்கியிருக்கும். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது இந்தப் பக்கம் இல்லை, மேற்கே திருப்பத்தூரில். இரண்டாவது வழியை நீட்டினால் அங்கே போய்ச் சேரலாம்.

நிழலுக்கு சங்கரபதியை மிஞ்ச மற்ற இரண்டு வழிகளாலும் முடியாது. ஆனால் இது திருச்சி–ராமேஸ்வரம் சாலை, அதை மறந்துவிடக் கூடாது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் விடியற்காலையிலேயே வேனும் காரும் ராமேஸ்வரத்துக்குப் பறக்கும், அதுவும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டிவரும் டிரைவர்கள். அந்த நாட்களில் நான் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. சாதாரண நாளிலும் ஆறரைக்குள் காட்டைக் கடந்துவிட வேண்டும், பின்சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மர நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் மாறி மாறி வரும் டிரைவருக்கு ஓரமாகப் போகும் சைக்கிள் சட்டென்று கண்ணில் படாது.

அப்புறம் முள். ரோட்டோரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டி இழுத்துப்போகும்போது உதிர்கிற முள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடக்கும். லாரிக்கு ஒதுங்குகிறோம் என்று கோட்டைத் தாண்டி இறங்கினால் போச்சு. போன மாசி மாதம் கோட்டைக்குப் பக்கத்தில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. டியூபை மாற்றிக் காற்றடித்தேன், ஐந்தே நிமிஷத்தில் மறுபடியும் தொப்பென்று போய்விட்டது. கையில் இருந்த ஒரே மாற்று டியூபும் காலி. ஆடு ஓட்டிவந்த ஆத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பு, டயருக்குள்ள தடவிப் பாத்தியா? முள்ளு ஒடிஞ்சு உள்ளயே நிக்கும்" என்றார். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவினேன். அரிசி மூக்கு அளவுக்குக் கறுப்பாக ஒரு முனை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நகத்தால் எடுக்க வரவில்லை, ஆத்தா இடுப்பில் செருகியிருந்த முள்வாங்கியைத் தந்த பிறகுதான் வந்தது. பழைய டியூபுக்கு ஒட்டுப் போட்டு வீடு சேர்ந்தேன். அன்றிலிருந்து புது டியூப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. இந்த வழியில் தினமும் ஓட்டுவதாக இருந்தால் 25 மில்லிமீட்டர் அகல டயர் வேண்டாம், 28 அல்லது 32 போட்டு, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் லைனர் பட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டைத் தாண்டி தேவகோட்டைப் பக்கம் போனால் மணிமுத்தாறும் விருசுழி ஆறும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த வருஷம் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்து நின்று பார்க்கலாம். மற்ற மாதங்களில் மணலும் கருவேலமும்தான், அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது வழி மேற்கே: கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர், பிள்ளையார்பட்டி அதற்கு அப்பால் ஒரு மூன்று. புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் இங்கேதான் போகிறார்கள், காரணம் உண்டு. தூரம் கம்மி, போய்ச் சேர்ந்ததும் இட்லி உண்டு, மலைக்குக் கீழே மயில்கள் நடமாடும். மயில் திடீரென்று ரோட்டைக் கடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தாழப் பறக்கும், நீண்ட வால் கடைசியாக வரும், பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

தண்ணீர் பார்க்கிற வழி என்றால் இதுதான். திருப்பத்தூர் வரைக்கும் அங்கங்கே கண்மாய்கள், மழை முடிந்த மார்கழியில் மடையில் தண்ணீர் சலசலக்கும். கரையில் கொக்கு நிற்கும், அந்தப் பக்கம் வயல் பச்சையாக இருக்கும். கால் தாங்கும் என்றால் திருப்பத்தூரையும் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வரை போகலாம். போக வர கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் ஆகும், அரைநாள் ஒதுக்க வேண்டும். 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மூன்று கண்மாய்கள் அவை, மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் கருவேல மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். முள் மரத்தையும் பறவைக்காகக் கும்பிட வேண்டியிருக்கிறது. பறவைகள் பயந்துவிடும் என்று கண்மாயை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சைக்கிளில் சத்தமில்லாமல் போய் அந்தக் கரையில் நிற்பதில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் படும்.

இந்த வழியில் தொல்லை வெயிலும் காற்றும். போகும்போது சூரியன் முதுகில், சுகம். காலையிலேயே திரும்பினால் நேரே கண்ணில் அடிக்கும். உங்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்குப் பின்னால் வருகிற பஸ்காரருக்கும்தான். அதனால் சூரியன் மேலே ஏறிய பிறகு, ஒன்பதுக்கு மேல் திரும்பி வாருங்கள். ஆடி மாதத்தில் மேல்காற்று எதிரே நின்று தள்ளும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 18-க்கு இறங்கிவிடுவார், கியரைக் குறைத்து, குனிந்து, பொறுமையாகப் போக வேண்டியதுதான். அதே காற்று வரும்போது தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடும். நான்குவழிச் சாலைப் பக்கம் மட்டும் ஏறாதீர்கள், ஒரு நிழல் கிடையாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்த வழியே வேண்டாம். நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கிற நேரம், வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு சைக்கிள் விடுவது சரியில்லை.

மூன்றாவது வடக்கே, கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். ஒரு பக்கம் சுமார் 15 கிலோமீட்டர். தண்ணீர் பாட்டிலை நிரப்பவோ டீ குடிக்கவோ எங்கேயும் அதிக தூரம் போக வேண்டாம், பெரிய சாலையைத் தொடாமல் ஊர் ஊராகவே போய்விடலாம். தனியாகப் போகும் பெண்களும் பையன்களை அழைத்துப்போகும் அப்பாக்களும் தயங்காமல் தேர்ந்தெடுக்கக்கூடிய வழி இது ஒன்றுதான் என்று சொல்வேன். கானாடுகாத்தான் தெருக்கள் அகலம், வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும், அந்த நீளச் சுவரை ஒட்டியே காலையில் நல்ல நிழல் விழும். ஊரணியில் படிக்கட்டுகள் மூழ்கித் தண்ணீர் நிற்கும்போது படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் காலை நீட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே "காடு" என்று சிலர் சொல்வது தைலமரத்தை. அதில் நிழலை எதிர்பார்க்காதீர்கள். தைல இலை தட்டையாக விரியாமல் செங்குத்தாகத் தொங்கும், வெயில் சல்லடையில் விழுவதுபோல் கீழே வந்துவிடும். அந்த மரங்கள் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகின்றன என்று பக்கத்து அரிமளம் பகுதி மக்கள் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். வழியில் இருக்கும் முந்திரித் தோப்புகள் வேறு, தாழக் கவிந்திருக்கும், மாசி மாதம் பூத்திருக்கும்போது வாசனை ரோடு வரைக்கும் வரும். சாலை ஓரத்துச் செம்மண் தூசிதான் இன்னொரு விஷயம். செயினில் எண்ணெய் வழிய வழிய விட்டால் தூசி ஒட்டிப் பசை மாதிரி ஆகி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும். ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும்.

நீட்ட விரும்பினால் திருமயம். 1687-ல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை தூரத்திலேயே தெரியும். அதையும் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் போனால் தெற்கு வெள்ளாறு குறுக்கிடும். அதுவும் மழைக்காலத்து ஆறுதான்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சங்கரபதிதான், கேள்வியே இல்லை. பங்குனியிலிருந்து ஆவணி வரை, வாரநாளில், ஆறரைக்குள். கண்மாய் நிறைந்த மார்கழியில் மட்டும் குன்றக்குடி வழி அதை வென்றுவிடும். நண்பருக்கு நான் சொன்னது வேறு. அவர் கடைசியாக சைக்கிள் ஓட்டி எட்டு வருஷம் ஆகிறது, லாரி பக்கத்தில் போனால் கை ஆடும். முதல் ஒரு மாதம் கானாடுகாத்தானே போதும் என்றேன். வருகிற ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குக் கோட்டையூர் ரோட்டில் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார். மாற்று டியூப் இரண்டாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், முள்வாங்கி நான் கொண்டுபோகிறேன்.