குழாயைப் பார்த்துவிட்டு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்

அப்பாவுக்கு 64 வயது. நாற்பது வருடப் பீடிப் பழக்கம். சென்ற ஆண்டு சிறு செல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கூடவே என்.எஸ்.இ., புரோ ஜி.ஆர்.பி. என்ற, இந்தக் கட்டி வளர்ந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய இரண்டு புரதங்களுக்குப் பரிசோதனை. அதற்காகவே இந்த ஆய்வகத்துக்கு ஐந்து முறை வந்திருக்கிறோம்.

நடுவில் ஒரு தடவை மட்டும், அலைச்சல் வேண்டாம் என்று வீட்டருகே வேறொரு சேகரிப்பு மையத்தில் ரத்தம் கொடுத்தோம். சிகிச்சைக்குப் பின் 14 என்று இருந்த என்.எஸ்.இ. 41 ஆக வந்தது. உச்சவரம்பு 16.3 என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். இரண்டு இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. புரோ ஜி.ஆர்.பி. அசையாமல் இருந்ததைப் பார்த்த மருத்துவர், "முதலில் இதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்" என்றார். இங்கே வந்தோம்.

ரத்தம் எடுத்து அரை மணி நேரம் கழித்து, பரிசோதனை செய்யும் தம்பி எங்களை உள்ளே அழைத்தார். சீரம் பிரிவதற்காக வேகமாகச் சுழற்றி எடுத்த ரத்தக் குழாயை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மேலே தெளிந்து நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டுமாம். அது இளஞ்சிவப்பாக இருந்தது. "ஐயா, சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்குள்ளும் இந்த என்.எஸ்.இ. இருக்கிறது. இதை மெஷினில் வைத்தால் கட்டி வளராமலேயே எண் ஏறிவிடும். வைக்க மாட்டேன்" என்றார். அடுத்த கையில், பெரிய நரம்பாகப் பார்த்து மறுபடியும் எடுத்தார். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. முடிவு 13.8.

முந்தைய மையத்தின் குழாய் சுழற்றப்படாமலேயே பைக்கில் வெகு நேரம் பயணம் செய்திருக்கிறது. அதுவும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். ரத்தம் எடுத்த இடத்திலேயே உடனே சுழற்றுகிறார்களா என்று இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். மெஷினும் முறையும் மாறினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாது.

குறையும் இருக்கிறது. அறிக்கையை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். முதல் தடவை, சிகிச்சைக்கு முன், எண் 60ஐத் தாண்டியிருந்தது. அதை அப்பாதான் முதலில் படித்தார். மறுநாள் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "எனக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று இதில் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் பாவம், என்ன சொல்வாள்? தொடக்கத்தில் என்.எஸ்.இ. அதிகம் உள்ளவர்களுக்குப் பொதுவாக நோயின் போக்கு கடினம் என்பது உண்மைதான். ஆனால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, உடம்பில் தெம்பு எப்படி, கீமோவுக்குக் கட்டி எவ்வளவு சுருங்குகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய கணக்கு. இதை மருத்துவர் சொல்லிப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். புற்றுநோய் அறிக்கைகளை மட்டுமாவது பகலில் அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டில் உள்ள ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.